அசல் உத்தரின் ஜீப் பீரங்கி: எடை குறைந்ததற்குக் கொடுத்த விலை

1965 செப்டம்பர் 10 அன்று, பஞ்சாபின் கேம்கரண் முனையில் சீமா என்னும் சிற்றூருக்கு அருகே, நான்காவது கிரனேடியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது உயிர்நீத்தார். அவர் அழித்த பாகிஸ்தான் டாங்கிகள் எத்தனை என்ற கேள்விக்கு நூல்களும் மேடைப் பேச்சுகளும் பாடப்புத்தகங்களும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன: நான்கு, ஏழு, எட்டு. அவருக்கு வழங்கப்பட்ட பரம்வீர் சக்கர விருதின் சான்றுரையோ இவை எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது. முன்னணியில் வந்த டாங்கியை வீழ்த்தினார். விரைந்து இடம் மாறி இன்னொன்றை எரியவைத்தார். மூன்றாவதைச் சுட்டுக்கொண்டிருந்தபோது பகைவர் குண்டுக்கு இரையானார். அவ்வளவே அது கூறுவது.

இந்த வேறுபாட்டைக் கண்டு எவரும் பொய் சொல்லிவிட்டதாக முடிவுகட்ட வேண்டியதில்லை. சான்றுரை பேசுவது 10ஆம் தேதியின் ஒரு காலைப்பொழுதை மட்டுமே. படைப்பிரிவின் நினைவோ 8ஆம் தேதி முதல் நடந்தவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒன்று ஆவணத்தின் எண்ணிக்கை, மற்றொன்று உடன் போரிட்டவர்களின் எண்ணிக்கை. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால் வந்த குழப்பம் இது. ஆனால் எண்ணிக்கையைப் பற்றிய இந்தச் சச்சரவு, வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியை மறைத்துவிட்டது. நாற்பது டன்னுக்கு மேற்பட்ட பேட்டன் டாங்கியை, கவசமே இல்லாத ஒரு ஜீப்பில் ஏற்றிய பீரங்கி எவ்வாறு உடைத்தது? முதல் டாங்கியை உடைத்தவர் ஏன் உடனே இடம் மாறினார்? மூன்றாவதைச் சுடும்போது ஏன் தப்பிக்க இயலவில்லை? இம்மூன்றுக்கும் விடை அந்தப் பீரங்கியின் அமைப்பிலேயே இருக்கிறது. வீரத்தைப் பற்றிய பேச்சில் பொறியியல் காணாமற்போய்விடுவது நம் போர் எழுத்துகளின் பழைய குறை.

டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் கதை அடிப்படையில் எடையின் கதை. 1930களில் செருமானியக் காலாட்படையிடம் இருந்த 37 மி.மீ. பீரங்கி ஏறத்தாழ 330 கிலோதான். ஆட்களே தள்ளிச் செல்லலாம். 1940இல் பிரான்சில் கனத்த கவசமுடைய டாங்கிகளின் முன் அது பயனற்றுப்போனது. செருமானிய வீரர்களே அதற்குக் கதவு தட்டும் கருவி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தட்டும், திறக்காது என்பது பொருள். பிரித்தானியரின் ‘2 பவுண்டர்’ என்ற 40 மி.மீ. பீரங்கி 800 கிலோவைத் தாண்டியது. அடுத்து வந்த ‘6 பவுண்டர்’ ஒரு டன்னுக்கு மேல். அதற்கும் அடுத்த ‘17 பவுண்டர்’ ஏறத்தாழ மூன்று டன். கவசம் தடிக்கத் தடிக்கப் பீரங்கியும் கனத்தது. கனத்த பீரங்கியைக் காலாட்படை தன்னுடன் இழுத்துச் செல்ல இயலாது. குழி வெட்டி மறைக்கவும் நேரம் போதாது.

இந்தியருக்கு இது ஏட்டளவில் தெரிந்த செய்தி அன்று. சிவப்புக் கழுகைச் சின்னமாகக் கொண்ட நான்காவது இந்திய டிவிஷன் 1940 முதல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இத்தாலியரையும் செருமானியரையும் எதிர்கொண்ட காலம், 2 பவுண்டரின் காலமே. டன்கர்க்கில் பீரங்கிகளைப் பெருமளவில் கைவிட்டுத் திரும்பிய பிரித்தானியர், புதிய 6 பவுண்டருக்கு மாறினால் உற்பத்தி தடைபடும் என்று அஞ்சிப் பழையதையே தொடர்ந்து வார்த்தார்கள். திறந்த மணல்வெளியில் அதை லாரியின் முதுகில் ஏற்றி, அங்கிருந்தே சுட்டுவிட்டு ஓடும் வழக்கமும் அப்போது தோன்றியது. ஆங்கிலத்தில் அதற்குப் ‘போர்ட்டே’ என்று பெயர். ஜீப் பீரங்கியின் மூதாதை என்று அதைச் சொல்லலாம். லாரி உயரமானது, மறைவிடமற்ற பாலையில் தொலைவிலிருந்தே தெரியும். விரைவைப் பெற்றுக்கொண்டு மறைவை இழக்கும் அந்தப் பேரம் கால் நூற்றாண்டுக்குப் பின் பஞ்சாபின் கரும்புக்காட்டில், அதே டிவிஷனின் வாழ்வில், மீண்டும் வந்தது.

எடைச் சிக்கலுக்குத் தீர்வு இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள் ஒன்றுசேர்ந்தபோது கிடைத்தது. முதலாவது, குண்டு கவசத்தைத் துளைக்க விரைவு தேவையில்லை என்ற அறிவு. இது போர்க்களத்தில் பிறந்ததன்று, சுரங்கத்தில் பிறந்தது. 1792இல் செருமானியச் சுரங்கப் பொறியாளர் ஃபிரான்ஸ் ஃபான் பாடர், வெடிமருந்தில் ஒரு குழிவை விட்டுவைத்தால் அதன் ஆற்றல் அத்திசையில் குவியும் என்று எழுதினார். 1888இல் அமெரிக்காவின் சார்லஸ் மன்றோ இதைச் சோதனையில் நிறுவினார். குழிவின் உட்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு பதித்தால், வெடிக்கும் கணத்தில் அத்தகடு ஊசிபோன்ற தாரையாகி, நொடிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் பாய்ந்து எஃகைத் துளைக்கும் என்பது 1930களின் இறுதியில் தெளிவானது. குண்டு மெதுவாக வந்து தொட்டாலும் போதும். துளைக்கும் வேலையை வெடிமருந்தே செய்துவிடும்.

இந்த அறிவு இந்திய மண்ணில் களம் கண்ட தருணம் ஒன்று உண்டு. 1944 ஜூன் 12 அன்று மணிப்பூரின் நிங்தோகோங் என்ற ஊரில், ஏழாவது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த கஞ்சு லாமா, ‘பியாட்’ என்னும் கைக்கருவியைச் சுமந்து தவழ்ந்து சென்று இரண்டு சப்பானிய டாங்கிகளை வீழ்த்தினார். கையிலும் காலிலும் காயம்பட்ட நிலையில் அவர் அதைச் செய்தார்; விக்டோரியா சிலுவை பெற்றார். பியாட்டின் எடை 15 கிலோ அளவே. ஆனால் டாங்கிக்கு மிக அருகே, முப்பது கெஜத்துக்குள், சென்றாக வேண்டியிருந்தது. காலாட்படைக்குத் தேவைப்பட்டது, இதே குண்டை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வீசக்கூடிய குழல்.

அதைத் தந்தது இரண்டாவது கண்டுபிடிப்பு: பின்னுதைப்பு இல்லாத பீரங்கி. சாதாரணப் பீரங்கி கனமாக இருப்பதற்குக் காரணம் குண்டன்று, உதைப்பு. குண்டு முன்னே பாயும்போது குழல் பின்னே உதைக்கிறது. அவ்வுதைப்பைத் தாங்கத் தடித்த சட்டமும் நீர்விசைத் தணிப்பான்களும் நிலத்தில் ஊன்றும் கால்களும் வேண்டும். குழலின் பின்புறத்தைத் திறந்துவிட்டு, உந்துமருந்தின் வாயுவில் பெரும்பகுதியைப் பின்னோக்கிப் பாயவிட்டால் இரு விசைகளும் சமன்பட்டுக் குழல் அசையாது நிற்கும். பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையை ஒட்டிய தங்கவயலில் தலைமுறைகளாகப் பாறையில் துளையிட்டு வெடிவைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. துளையின் வாயை மண்ணால் இறுக அடைக்காவிட்டால் வெடியின் வலு அவ்வழியே வெளியேறிவிடும், பாறை பிளக்காது. சுரங்கத்தில் அது வீண்செலவு. பின்னுதைப்பற்ற பீரங்கியோ அந்த வீண்செலவையே தன் இயங்குமுறையாக்கிக்கொண்ட கருவி. மருந்தை மிகுதியாகச் செலவழித்து எடையை மிச்சப்படுத்துகிறது.

முதல் உலகப்போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிளீலண்ட் டேவிஸ் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். அவருடைய பீரங்கி, முன்னே குண்டையும் பின்னே அதற்கு ஈடான ஈயக்குண்டு மசகுக் கலவையையும் ஒருசேர வீசியது. செருமானியர் ஈட்டு எடையை விட்டுவிட்டு வாயுவை மட்டும் பின்னே வெளியேற்றினர். 1941இல் கிரீட் தீவில் வான்குடை வீரர்கள் பயன்படுத்திய அவர்களது 75 மி.மீ. பீரங்கியின் எடை 145 கிலோ. அமெரிக்காவின் ஃபிராங்க்ஃபர்டு படைக்கலச் சாலையில் குரோகர், மசர் என்ற இருவர் தோட்டா உறையின் சுவரெங்கும் துளைகளிட்டு, வாயு சீராகக் கசிந்து பின்வாயை அடையும் முறையை வகுத்தனர். 57 மி.மீ., 75 மி.மீ. குழல்கள் 1945இல் போர்முனையை எட்டின.

ஆனால் 1950 ஜூலை 5 அன்று கொரியாவின் ஓசான் அருகே வடகொரியரின் டி-34 டாங்கிகள், 75 மி.மீ. குண்டுகள் பட்டும் நிற்காமல் அமெரிக்கக் காலாட்படையைக் கடந்து சென்றன. அந்த அதிர்ச்சியில் அவசரமாக உருவான 105 மி.மீ. குழல் மனநிறைவு தரவில்லை. அதைத் திருத்தி 1950களின் நடுவில் வந்ததுதான் எம்-40. அதன் விட்டமும் உண்மையில் 105 மி.மீ.தான். பழைய குழலின் குண்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே 106 என்று பெயரிட்டார்கள். இந்தியப் படையின் பேச்சில் அது ‘ஆர்.சி.எல்.’.

அதன் எடை ஏறத்தாழ 210 கிலோ, நீளம் 3.4 மீட்டர். ஒரு ஜீப் அதைச் சுமக்கும். அதன் குழிவு வெடிகுண்டு 400 மி.மீ. எஃகைத் துளைக்கவல்லது. பேட்டன் எம்-48இன் உடற்பகுதி முன்கவசம் 110 மி.மீ.; சாய்வைச் சேர்த்துக் கணக்கிட்டால் 220 மி.மீ. அளவு. ஆக, பட்டால் துளைக்கும். படுமா என்பதே கேள்வி. குண்டு புறப்படும் விரைவு நொடிக்கு 500 மீட்டர் அளவே. ஒரு கிலோமீட்டரைக் கடக்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும், பாதையும் வளைந்தது. தொலைவைத் தவறாக மதித்தால் குண்டு வீண். இதற்காகவே குழலின் மேல் ஒரு சிறிய இலக்கறி துப்பாக்கி பொருத்தப்பட்டது. அதன் அரை அங்குலத் தோட்டா, பெரிய குண்டின் பாதையையே பின்பற்றுமாறு வடிவமைக்கப்பட்டு, பட்ட இடத்தில் வெண்புகை கக்கும். டாங்கியின்மேல் புகை தெரிந்தால் உடனே பெரிய குண்டைச் செலுத்தலாம்.

இங்கேதான் விலை. இலக்கறி தோட்டாவின் ஒளிக்கீற்று, சுடுபவரின் இடத்தை முன்கூட்டியே அறிவிக்கிறது. அடுத்த கணம் பெரிய குண்டு புறப்படும்போது குழலின் பின்னே தீயும் புகையும் புழுதியும் பீறிடுகின்றன. பின்னே நிற்பவர் எவராயினும் உயிர் பிழைப்பது அரிது. முன்னே நிற்கும் பகைவருக்கு அது கொடியேற்றிக் காட்டியதுபோல. குழுவுக்குக் கவசம் கிடையாது. எனவே இப்பீரங்கியின் போர்முறை ஒரே வாக்கியத்தில் அடங்கும்: பக்கவாட்டில் மறைந்திரு, சுடு, உடனே இடம் மாறு. இடம் மாறத் தவறினால் பகைவர் டாங்கியின் இயந்திரத் துப்பாக்கியே போதும். சான்றுரையில் ‘விரைந்து இடம் மாறி’ என்று வரும் சொற்கள் அலங்காரமல்ல, பீரங்கிப் பயிற்சியின் முதற்பாடம்.

1962 அக்டோபரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனரிடம் சிதைந்த படைகளுள் நான்காவது கிரனேடியர்ஸும் ஒன்று. அப்போரை அடுத்துச் சிவப்புக் கழுகு டிவிஷன் மலைப்போருக்கென மாற்றியமைக்கப்பட்டு நான்காவது மலை டிவிஷன் ஆயிற்று. எல்லைச் சாலைகளுக்கும் படைகளுக்கும் கனரக எந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யும் முனைப்பு வலுப்பெற்ற ஆண்டுகளும் அவையே. 1964 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றியதும், அதன் பெரிய தொழிற்சாலை தங்கவயலில் அமைந்ததும் அந்தச் சூழலில்தான். மலைக்கென அமைந்த டிவிஷனோ 1965இல் பஞ்சாபின் சமவெளியில் டாங்கிகளை எதிர்கொள்ள நேர்ந்தது.

செப்டம்பர் 6 அன்று எல்லையைத் தாண்டிய டிவிஷன் பின்னடைந்தது. மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் எஞ்சிய பட்டாலியன்களை அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி அரண் அமைத்து நிறுத்தினார். கால்வாய்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சினர். எதிரே பாகிஸ்தானின் முதலாவது கவச டிவிஷன், அமெரிக்க உதவியாகப் பெற்ற பேட்டன்களுடன். இந்தியத் தரப்பில் பிரிகேடியர் டி. கே. தியோகராஜ் தலைமையிலான இரண்டாவது தனிக் கவசப் பிரிகேட்: செஞ்சூரியன், பழைய ஷெர்மன், மெல்லிய கவசம் கொண்ட ஏ.எம்.எக்ஸ். டாங்கிகள். முடிவில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியக் கணக்கு. அவற்றுள் பெரும்பகுதியை வீழ்த்தியவை தியோகராஜின் டாங்கிகளும் பீரங்கிப்படையும் சேறும்தான். ஆர்.சி.எல். குழுக்களின் பங்கு எண்ணிக்கையில் சிறியது. ஆனால் டாங்கிகள் முன்னணி நிலைகளுக்குள் புகுந்துவிட்ட வேளையில், பதுங்குகுழிகளில் இருந்த காலாட்படைக்குச் சொந்தமாக இருந்த நீண்டதூர டாங்கி எதிர்ப்பு ஆயுதம் அதுவே. அது இல்லாதிருந்தால் அரணின் முன்விளிம்பு டாங்கிச் சங்கிலிகளின் கீழ் நசுங்கியிருக்கும். பின்னே காத்திருந்த செஞ்சூரியன்களுக்குப் பொறிவைக்க நேரமும் கிடைத்திராது.

அப்துல் ஹமீது உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் 1933இல் பிறந்தவர். தையற்தொழில் செய்த குடும்பம். 1954இல் படையில் சேர்ந்தார். அவருடைய பதவிப்பெயர் கம்பெனியின் உணவு, உடை, தளவாடங்களைக் கவனிக்கும் பொறுப்பைக் குறிப்பது. ஆனால் அவர் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் முன்பு பணியாற்றியவர். குறி தவறாதவர் என்று பெயரெடுத்தவர். போர் மூண்டபோது அவரை மீண்டும் ஆர்.சி.எல். குழுவின் பொறுப்பில் அமர்த்தினார்கள். இது தற்செயலன்று. தொலைவை மதிப்பதும், இலக்கறி தோட்டாவின் புகையைப் படிப்பதும், எப்போது கிளம்ப வேண்டும் என்று உணர்வதும் ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் மட்டுமே கைவருபவை. கருவியின் குறைகளை ஈடுசெய்தது அந்தப் பழக்கம்.

10ஆம் தேதி காலை எட்டு மணியளவில் டாங்கித் தாக்குதல் தொடங்கியது. ஒன்பது மணிக்குள் டாங்கிகள் முன்னணிக்குள் ஊடுருவின. ஹமீது ஜீப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுசென்றார். உயர்ந்த பயிர், ஜீப்பையும் தாழ்ந்த குழலையும் மறைத்தது. முதல் டாங்கி வீழ்ந்தது, இடம் மாறினார், இரண்டாவது எரிந்தது. அதற்குள் எதிரணி அவரைக் கண்டுகொண்டது. இயந்திரத் துப்பாக்கியும் வெடிகுண்டும் ஒருசேர அவர்மேல் திரும்பிய பின்னும் மூன்றாவது டாங்கியைக் குறிவைத்துச் சுட்டார். அந்தக் கணத்தில் பீரங்கியின் விதியை அவர் அறியாதவரல்லர். பிறருக்குக் கற்பிக்கும் அளவுக்கு அறிந்தவர். தெரிந்தே அதை மீறினார் என்று கொள்வதே அவருக்குச் செய்யும் நியாயம். அவரை வெறும் துணிச்சல்காரராகக் காட்டும் எழுத்து, அவருடைய தேர்ச்சியையும் அத்தேர்ச்சி கணித்துச் சொல்லியிருக்கக்கூடிய ஆபத்தையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. எட்டு என்ற எண் அவரை உயர்த்தவுமில்லை, இரண்டு என்ற எண் தாழ்த்தவுமில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேட்டனும் அமெரிக்க வடிவமைப்பு, அதை உடைத்த 106 மி.மீ. குழலும் அமெரிக்க வடிவமைப்பு. பாகிஸ்தான் படையும் இதே குழலை ஜீப்புகளில் ஏற்றி, இந்திய டாங்கிகளுக்கு எதிராக நிறுத்தியிருந்தது. அமெரிக்க டாங்கியை இந்திய வீரம் வென்றது என்று மட்டும் சொல்லும் கதையில் இதற்கு இடமில்லை. அசல் உத்தரில் தோற்றது பேட்டன் அன்று. காலாட்படைத் துணையின்றி, நனைந்த நிலத்தில், பயிருக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் அதைச் செலுத்திய முறைதான். அதே முறையில் வேறு எந்த டாங்கியைச் செலுத்தியிருந்தாலும் பக்கவாட்டில் காத்திருந்த ஜீப்புக்கு வேலை இருந்திருக்கும்.

1966 குடியரசு நாளில் அவருடைய மனைவி ரசூலன் பீவி, குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடமிருந்து பதக்கத்தைப் பெற்றார். 1988இல் சேத்தன் ஆனந்தின் தொலைக்காட்சித் தொடரில் நசீருதீன் ஷா ஹமீதாக நடித்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அஞ்சல்தலையில் அவருடன் ஜீப்பும் பீரங்கியும் இடம்பெற்றன. அந்த ஜீப்பை ஓட்டியவர், குண்டை எடுத்து நிரப்பியவர் ஆகியோருக்குப் பொது நினைவில் இடம் கிடைக்கவில்லை. 106 மி.மீ. குழல் தனியொருவர் இயக்கும் கருவியன்று. ‘விரைந்து இடம் மாறி’ என்ற சொற்களுக்குள் ஓர் ஓட்டுநர் இருக்கிறார்.

1971 டிசம்பர் 4 நள்ளிரவில், இராசத்தான் பாலையின் லோங்கேவாலாவில், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கம்பெனியிடம் இருந்த டாங்கி எதிர்ப்பு வலிமையும் ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. குழல்களே. அங்கே பயிரில்லை; இருளே மறைப்பு. டாங்கிகள் மிக நெருங்கும்வரை சுடாமல் பொறுத்திருந்தார்கள். பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் மீதி வேலையை முடித்தன. வெளிச்சத்தில் அந்த ஜீப்புகள் தனியே நிற்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

பின்னர் ஏவுகணைகள் வந்தன. 1970இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட பாரத் டைனமிக்ஸ் நிறுவனம், 1980களில் பிரான்சின் மிலான் ஏவுகணையை உற்பத்தி செய்தது. தோளில் வைத்துச் சுடும் சுவீடனின் 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப், பின்னுதைப்பற்ற குழலின் மரபை இன்றும் இந்தியக் காலாட்படையில் தொடர்கிறது. மிலானைச் செலுத்துபவர் தொலைவை மதிக்க வேண்டியதில்லை, இலக்கறி துப்பாக்கியும் வேண்டியதில்லை. ஆனால் கம்பி வழியே வழிகாட்டப்படும் அந்த ஏவுகணை இரண்டு கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. அதுவரை குறிக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.